"மூச்சு இருக்கு" என்று சொன்னவன் நான்தான்

இரண்டு வருடம் ஆகிவிட்டது. எங்கள் தெரு முனையில் இருக்கிற மைதானத்தில் காலையில் ஷட்டில் ஆடும் கூட்டம் ஒன்று உண்டு. பெரும்பாலும் ரிட்டயர்டு ஆட்கள். நடுவில் என்னைப் போலத் தொப்பையைக் குறைக்க வந்த இரண்டு மூன்று பேர். அதில் மூத்தவரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு முதல் கேம் முடிந்து சிமெண்ட் பெஞ்சில் உட்காரப் போனவர் அப்படியே சரிந்து விழுந்தார். கை இரண்டும் வெட்டி வெட்டி இழுத்தன. "வலிப்புப்பா, கையில இரும்பு குடுங்க" என்று யாரோ கத்தினார்கள். என் பைக் சாவிக்கொத்தைத்தான் அவர் உள்ளங்கையில் வைத்து மூடினோம். ஒருவர் அவரைத் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டார். இன்னொருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். இழுப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. அதற்கப்புறம் குறட்டை மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. நான் குனிந்து கேட்டுவிட்டு, "மூச்சு இருக்கு, பயப்படாதீங்க" என்றேன்.

எல்லோருக்கும் ஒரு நிம்மதி. 108-க்குப் போன் போட்டாயிற்று, அவர் வீட்டுக்கு ஆள் போயாயிற்று, இனி வண்டி வர வேண்டியதுதான் பாக்கி என்று நின்றோம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வண்டி வந்தது. இறங்கி வந்த இளைஞர் மாமாவின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். பார்த்த கையோடு அவரை மடியிலிருந்து இறக்கித் தரையில் மல்லாத்திப் போட்டு, நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். அழுத்திக்கொண்டே கேட்டார்: "விழுந்ததுலேர்ந்து யாராவது நெஞ்ச அமுக்குனீங்களா சார்?"

யாரும் பதில் சொல்லவில்லை. மாமா திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஒரு பயிற்சி வகுப்புக்கும் போனேன். இந்தப் பதிவு அந்தக் குறிப்புகளின் தொகுப்பு. நான் டாக்டர் இல்லை. ஆனால் இதில் சொல்லப்போகும் விஷயத்துக்கு டாக்டராக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் முக்கியமான செய்தியே.

அந்தக் குறட்டை என்ன?

இதயம் திடீரென்று நின்றுபோனால் ஆள் உடனே மூச்சில்லாமல் அமைதியாகிவிடுவார் என்றுதான் நாம் நினைக்கிறோம். சினிமாவில் அப்படித்தான் தலை சாயும். நிஜத்தில் பலருக்கு முதல் சில நிமிடங்கள் வாய் திறந்து திறந்து மூடும். குறட்டை, விக்கல், முனகல் மாதிரி ஒரு சத்தம் வரும். கரையில் போட்ட மீன் வாயைப் பிளக்கிற மாதிரி இருக்கும். ரத்த ஓட்டம் நின்றதும் மூளையின் அடித்தண்டு கடைசியாக அனுப்பும் தூண்டுதல் அது. காற்று ஒழுங்காக உள்ளே போய் வருவதில்லை. ஆக, அது மூச்சே இல்லை. இதயம் நின்றுவிட்டது என்பதற்கான அடையாளம்.

வெட்டி இழுத்ததும் அப்படித்தான். மூளைக்கு ரத்தம் போவது சட்டென்று நின்றால் கை கால் சில நொடிகள் இழுக்கலாம். பார்ப்பவருக்கு வலிப்பு என்றே தோன்றும்.

அப்படியானால் நிஜமான வலிப்பை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? வலிப்பு நின்ற பிறகும் சிலருக்குக் குறட்டைச் சத்தம் வரும். ஆனால் நெஞ்சும் வயிறும் ஒரு ஒழுங்கில் ஏறி இறங்கும். இதயம் நின்றவருக்கு அந்த ஒழுங்கு இருக்காது. ஒரு இழுப்பு, நீண்ட இடைவெளி, இன்னொரு இழுப்பு, அவ்வளவுதான். சாதாரண மயக்கம் என்றால் மூச்சு சீராகவே இருக்கும். தட்டையாகப் படுக்கவைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்தினால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் கண் திறந்துவிடுவார்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி "மூச்சு இருக்கா?" என்பது இல்லை. "மூச்சு எப்பவும்போல இருக்கா?" என்பது. இந்த ஒரு வார்த்தை வித்தியாசத்தில்தான் நான் அன்று தப்பு செய்தேன்.

மாரடைப்பு வேறு, இதயம் நிற்பது வேறு

பேச்சு வழக்கில் இரண்டையும் 'ஹார்ட் அட்டாக்' என்றே சொல்லிவிடுகிறோம். மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார். நெஞ்சு இறுக்கம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி என்று சொல்லவும் செய்வார். அவருக்கு நெஞ்சை அழுத்தக் கூடாது. நடக்கவிடாமல் உட்காரவைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதயம் நிற்பது மின்சாரக் கோளாறு. இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் ஒரு மின் தூண்டுதலால் நடக்கிறது. அது தாறுமாறானால் கீழறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாக வெறுமனே நடுங்கும். இதற்கு வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். மோட்டாருக்குக் கரண்ட் வருகிறது, உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை, தண்ணீர் ஏறவில்லை. அந்த நிலைமைதான். சில நொடிகளில் நினைவு போய்விடும். மாரடைப்பு முற்றி இப்படி ஆவதும் உண்டு, முன்னறிகுறி எதுவுமே இல்லாமல் ஆவதும் உண்டு.

இந்த நடுக்கத்தை நிறுத்தி இதயத்தை மறுபடி ஒழுங்குக்குக் கொண்டுவர மின் அதிர்ச்சி வேண்டும். அதற்கான கருவி வரும்வரை யாரும் எதுவும் செய்யாமல் நின்றால், பிழைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு நிமிடத்துக்கும் சுமார் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. யாராவது நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சரிவு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. எங்கள் பன்னிரண்டு நிமிடத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது?

இதயம் நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் இருக்கிறது. மேலே இருந்து அழுத்தினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, ரத்தம் வெளியே தள்ளப்படுகிறது. கையை விட்டால் நெஞ்சு விரிந்து, ரத்தம் திரும்ப வந்து நிரம்புகிறது. கையால் அடிக்கிற அடிபம்பு போலத்தான். எவ்வளவு நன்றாக அழுத்தினாலும் இயல்பான ரத்த ஓட்டத்தில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் கிடைக்கும். மூளையையும் இதயத்தையும் கொஞ்ச நேரம் சாகாமல் பிடித்து வைக்க அது போதும்.

"மூச்சே இல்லாதப்ப ரத்தத்த மட்டும் சுத்தி என்ன பிரயோஜனம்?" என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. திடீரென்று விழுந்த பெரியவர் ஒருவரின் ரத்தத்திலும் நுரையீரலிலும் சில நிமிடங்களுக்கான ஆக்சிஜன் ஏற்கெனவே இருக்கிறது. சரக்கு கையில் இருக்கிறது, கொண்டுபோக வண்டிதான் இல்லை. அதனால்தான் பயிற்சி இல்லாதவர்கள் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதில்லை, கையால் அழுத்தினால் போதும் என்று அமெரிக்க இதய சங்கம் 2008-ல் அறிவித்தது. இந்தியாவிலும் மயக்க மருந்து நிபுணர்களின் முயற்சியில் 2017-ல் வந்த பொதுமக்களுக்கான வழிமுறை, அழுத்துவதை மட்டுமே கற்றுத்தருகிறது.

இன்னொரு விஷயம். அழுத்த ஆரம்பித்தவுடனே இதயத்தின் சொந்த ரத்தக்குழாய்களுக்குப் போதுமான அழுத்தம் வந்துவிடாது. தொடர்ந்து அழுத்த அழுத்தத்தான் மெதுவாக ஏறும். நிறுத்தினால் சட்டென்று விழுந்துவிடும். அதனால் நாலு அழுத்து அழுத்திவிட்டு "முழிச்சிட்டாரா?" என்று எட்டிப் பார்க்கிற சினிமா வழக்கம் கூடவே கூடாது. நாம் அழுத்துவது அவரை எழுப்புவதற்காக இல்லை, நேரம் வாங்கிக் கொடுப்பதற்காக.

புகையிலைப் புகையும் சாவிக்கொத்தும்

கையில் சாவி கொடுத்ததை நினைத்து நான் ரொம்ப நாள் வெட்கப்பட்டேன். பழைய கதைகளைப் படித்ததும் கொஞ்சம் ஆறுதல் வந்தது. 18-ம் நூற்றாண்டில் நீரில் மூழ்கியவர்களைக் காப்பாற்றவென்றே ஆம்ஸ்டர்டாமில் 1767-லும், லண்டனில் 1774-லும் சங்கங்கள் தொடங்கினார்கள். வாயோடு வாய் வைத்து ஊதுவதை அப்போதே பரிந்துரைத்தார்கள். கூடவே, மூழ்கியவரின் ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையைத் துருத்தி வைத்து ஏற்றவும் சொன்னார்கள்! உடம்பு சூடேறி உயிர் திரும்பும் என்பது நம்பிக்கை. ஆக, ஏதாவது செய்ய வேண்டும் என்ற துடிப்பு மனிதர்களிடம் எப்போதும் இருந்திருக்கிறது. எதைச் செய்வது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

நெஞ்சை அழுத்தும் முறை பரவலானதற்குக் காரணம் ஒரு மின் பொறியாளர். மின்கம்பிகளில் வேலை பார்த்தவர்கள் ஷாக் அடித்துச் செத்துக்கொண்டிருந்த காலத்தில், மின்சாரம் இதயத்தை என்ன செய்கிறது என்று பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆராய்ந்தவர் வில்லியம் கூவென்ஹோவன். 1950-களின் கடைசியில் அவருடைய ஆய்வகத்தில் நிக்கர்பாக்கர் என்ற இளம் பொறியாளர் ஒன்றைக் கவனித்தார். மின் அதிர்ச்சி கொடுக்கும் கனமான தட்டுகளை நாயின் நெஞ்சில் வைத்து அழுத்தும்போதே, கரண்ட் கொடுப்பதற்கு முன்னால், ரத்த அழுத்தம் சற்று ஏறியது. அதுவரை இதயம் நின்றால் நெஞ்சைக் கிழித்துத் திறந்து, இதயத்தைக் கையால் பிசைவதுதான் வழி. அதை அறுவை அரங்குக்கு வெளியே யார் செய்ய முடியும்? ஜேம்ஸ் ஜூட் என்ற அறுவை மருத்துவரும் சேர, மூவரும் 1960-ல் வெளியிட்ட கட்டுரை சொன்னது இதுதான்: திறக்க வேண்டாம், வெளியிலிருந்தே அழுத்தலாம், யாரும் செய்யலாம், எங்கேயும் செய்யலாம், இரண்டு கை போதும்.

அதே வருடம் நார்வேயில் பொம்மை செய்யும் தொழிலில் இருந்த ஆஸ்முண்ட் லேர்டால், பயிற்சிக்கான ஆளுயரப் பொம்மையைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் வகுப்புகளில் நாம் அழுத்திப் பழகுவது அந்தப் பொம்மையின் வாரிசுகளைத்தான்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

பெரியவர் ஒருவர் உங்கள் கண்முன்னால் விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் இடத்தைப் பாருங்கள். வண்டி ஓடும் சாலையா, அறுந்த கம்பி கிடக்கிறதா? கரண்ட் அடித்தவர் என்றால் மெயினை அணைக்காமல் தொடாதீர்கள்.

2. தோள் இரண்டையும் பலமாகத் தட்டி, "சார்! என்ன ஆச்சு?" என்று சத்தமாகக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் நெஞ்சைப் பாருங்கள். மூச்சு எப்பவும்போல இருக்கிறதா? பத்து நொடிக்கு மேல் இதற்குச் செலவழிக்க வேண்டாம். நாடி பார்ப்பதெல்லாம் நம் வேலை இல்லை. பதட்டத்தில் நம் நாடியே நமக்குக் கேட்கும்.

3. கூட்டத்தைப் பார்த்து "யாராவது போன் பண்ணுங்க" என்று சொன்னால் யாரும் பண்ண மாட்டார்கள். ஒருவரைக் கைகாட்டி, "நீல சட்டை அண்ணே, நீங்க 108-க்கு அடிங்க" என்று சொல்லுங்கள். இன்னொருவரைத் தெருமுனைக்கு அனுப்புங்கள், வண்டி வழி தேடி அலையக் கூடாது. நீங்கள் தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

4. அவரைக் கெட்டியான தரையில் மல்லாந்து படுக்கவையுங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். பக்கத்தில் மண்டி போட்டு, நெஞ்சின் நடுவில், அந்த நீள எலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள். அதன் மேல் இன்னொரு கை. முழங்கை மடங்காமல், தோள் நேர் மேலே இருக்கட்டும். கை பலத்தால் இல்லை, உங்கள் உடம்பு எடையால் அழுத்துங்கள்.

5. ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். நீங்கள் நினைப்பதைவிட அதிகம் இது. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. முப்பது எண்ணி முடிக்க 15 முதல் 18 நொடி ஆனால் வேகம் சரி. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வரட்டும். மேலே வராவிட்டால் ரத்தம் நிரம்பாது.

6. நிறுத்தாதீர்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். களைப்பு தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும். ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து கையில் எடுத்துக்கொள்ளும் வரை, அல்லது அவர் அசைந்து நன்றாக மூச்சு விடும் வரை தொடருங்கள்.

விமான நிலையம், பெரிய மால் மாதிரியான இடங்களில் சுவரில் ஏ.ஈ.டி என்ற பெட்டி இருக்கலாம். ஒருவரை எடுத்து வரச் சொல்லுங்கள். திறந்தால் அதுவே படிப்படியாகப் பேசும். அதிர்ச்சி தேவையா இல்லையா என்று அந்தக் கருவியே முடிவு செய்யும். தேவையில்லாதவருக்குக் கொடுக்காது.

செய்யக் கூடாதவை: நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போகும். மடியில் சாய்த்து உட்காரவைக்காதீர்கள். வலிப்பே என்றாலும் கையில் இரும்பு கொடுப்பதாலோ பல்லுக்கு நடுவில் கரண்டி வைப்பதாலோ பலன் இல்லை. இழுப்பு நின்று, மூச்சு சீராக வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுத்தால் மருத்துவமனை.

"ஆனா..."

இதை வீட்டில், நண்பர்களிடம் சொல்லும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை.

"இதயம் நிக்காதவருக்குத் தப்பா அழுத்திட்டா?" பெரும்பாலும் அவர் முனகுவார், உங்கள் கையைத் தள்ளுவார். நிறுத்திவிடலாம். பெரிய காயம் ஏற்படுவது அபூர்வம். நின்றவருக்கு அழுத்தாமல் விட்டால் முடிவு ஒன்றே ஒன்றுதான்.

"விலா எலும்பு உடைஞ்சிடுமாமே?" உடையலாம். வயதானவர்களுக்கு அடிக்கடி நடக்கும். அழுத்தும்போது நொறுக்கென்ற சத்தம் கேட்டாலும் கை இருக்கும் இடத்தைச் சரிபார்த்துக்கொண்டு தொடருங்கள். எலும்பு சில வாரங்களில் கூடிவிடும்.

"விழுந்தவர் பொம்பளையா இருந்தா?" பொது இடத்தில் விழும் பெண்களுக்கு இந்த உதவி குறைவாகவே கிடைக்கிறது என்று வெளிநாட்டு ஆய்வுகளே சொல்கின்றன. நம் ஊரில் கேட்கவே வேண்டாம். கையால் அழுத்த சேலையையோ சுடிதாரையோ விலக்க வேண்டியதில்லை. துணி மேலேயே அழுத்தலாம். சுற்றி நிற்பவர்களிடம் "நெஞ்சு நின்னுடுச்சு, அதான் அமுக்குறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

"போலீஸ், கேஸ்னு அலைய முடியாதுங்க." சாலை விபத்தில் உதவுபவர்களை வற்புறுத்திப் பெயர் கேட்கவோ, பிடித்து வைக்கவோ கூடாது என்ற வழிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று சட்ட வலிமை கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவாகவே அது சேர்க்கப்பட்டது. இவை சாலை விபத்துக்கானவை. மற்ற இடங்களுக்கு, சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவருக்கு அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்யும் செயல் குற்றமாகாது என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 92-ம் பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது.

குழந்தைகள், நீரில் மூழ்கியவர்கள்

இங்கே ஒரு மாற்றம் உண்டு. குழந்தைகளுக்கு இதயம் தானாக நிற்பது அரிது. மூச்சு முட்டித்தான் இதயம் நிற்கிறது. மூழ்கியவர்களுக்கும் அப்படியே. அவர்கள் ரத்தத்தில் ஆக்சிஜன் கையிருப்பு இல்லை. அதனால் அழுத்துவதோடு ஊதுவதும் தேவை. முப்பது அழுத்து, இரண்டு ஊது. தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு மேலே எழும் அளவுக்கு மட்டும் ஊத வேண்டும். மூழ்கியவருக்கு ஊதுவதில் தொடங்குவார்கள். குழந்தைக்கு ஆழம் நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு கை போதும், கைக்குழந்தைக்கு இரண்டு கட்டைவிரல் அல்லது ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி. இதைப் பொம்மையில் பழகிக்கொள்வது நல்லது. பழகாதவர்கள் அழுத்தவாவது செய்யுங்கள், சும்மா நிற்பதைவிட மேல்.

கிணற்றிலோ குளத்திலோ மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் வேண்டாம். வயிற்றிலிருந்து வரும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகும். போன நிமிடங்கள் திரும்பி வராது.

கடைசியாக

மருத்துவமனைக்கு வெளியே நிற்கும் இதயங்களில் பெரும்பாலானவை வீட்டில்தான் நிற்கின்றன. அதாவது, நீங்கள் இதை யாருக்காவது செய்ய நேர்ந்தால் அது அநேகமாக உங்கள் அப்பாவாகவோ, மனைவியாகவோ இருக்கும். அதேபோல உங்களுக்கு நடந்தால் பக்கத்தில் இருக்கப்போவது அவர்கள்தான். ஆகவே இதைப் படித்துவிட்டு உங்களோடு வைத்துக்கொள்ளாமல் வீட்டில் சொல்லிக்கொடுங்கள். ஒரு கெட்டித் தலையணையைத் தரையில் போட்டு, போன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் அழுத்திப் பாருங்கள். வேகமும், எவ்வளவு சீக்கிரம் மூச்சு வாங்குகிறது என்பதும் பிடிபடும். நல்லா இருக்கிற ஆள் மேல் மட்டும் பழகிப் பார்க்காதீர்கள்.

அன்று நாங்கள் அழுத்தியிருந்தால் மாமா பிழைத்திருப்பாரா? தெரியாது. நன்றாக அழுத்தியும் பிழைக்காதவர்கள்தான் அதிகம். ஆனால் பன்னிரண்டு நிமிடம் ஏழெட்டுப் பேர் அவரைச் சுற்றி நின்றோம், ஆளுக்கு இரண்டு கை இருந்தது. இப்போது எங்கள் ஷட்டில் கூட்டத்தில் எல்லோரும் வகுப்புக்குப் போய் வந்துவிட்டோம். யார் அழுத்துவது, யார் போன் அடிப்பது, யார் கேட்டைத் திறந்து வைப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். மாமாவின் மகனும் காலையில் வந்து ஆடுகிறான். முதலில் வகுப்புக்குப் பெயர் கொடுத்தவன் அவன்தான்.